விசைத் தெளிப்பானில் தீப்பொறி நேரம்: மேக்னெட்டோவைச் சரிசெய்யும் முறை

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெரும்பாலும் மின்சார மோட்டாரில் ஓடுகின்றன. உழவு வேலை டிராக்டரிலும் பவர் டில்லரிலும் நடக்கிறது. இவை இரண்டும் டீசல் என்ஜின்கள். இருந்தாலும் பெட்ரோலில் ஓடும் சிறு என்ஜின் ஒன்று பல சிறு விவசாயிகளின் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கத்தான் செய்கிறது. முதுகில் மாட்டி மருந்தடிக்கும் விசைத் தெளிப்பான், வாய்க்கால் கரையில் வைத்து நீர் இறைக்கும் சிறு பம்பு, களை எடுக்கும் கருவி என்று அது பல உருவங்களில் இருக்கும். ஆண்டில் பத்துப் பதினைந்து நாளைக்கு மேல் அதற்கு வேலை இராது. ஆனால் அந்தப் பத்து நாளில் அது ஓடாவிட்டால் நட்டம் பெரிது.

சம்பாப் பயிரில் புகையான் கண்டதும் விசைத் தெளிப்பானை எடுத்துத் துடைத்துக் கயிற்றை இழுப்பார்கள். என்ஜின் கிளம்பும், ஆனால் முன்போல் சத்தம் ஏறாது. நாலு வரப்பு தாண்டுவதற்குள் சூடேறும். அடித்த மருந்து கேட்கவில்லை என்றால் மருந்துக் கடைக்காரர் மீது குறை சொல்வார்கள், அல்லது என்ஜின் பழசாகிவிட்டது என்பார்கள். இவ்விரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம். தீப்பொறி விழ வேண்டிய நேரத்தில் விழாமல் தள்ளிப் போயிருக்கலாம். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு ஃபீலர் கேஜ், ஒரு திருப்புளி, ஒரு மணி நேரப் பொறுமை இருந்தால் போதும்.

சுற்று குறைந்தால் மருந்து வீண்

கைத்தெளிப்பானில் மருந்தைத் துளியாக உடைப்பது கையால் ஏற்றும் அழுத்தம். விசைத் தெளிப்பானில் அந்த வேலையைச் செய்வது காற்று. என்ஜினோடு சேர்ந்து சுழலும் விசிறி வேகமாகக் காற்றைத் தள்ளுகிறது. குழாய் முனையில் வந்து விழும் மருந்தை அந்தக் காற்றுதான் பொடித்துளியாகச் சிதறடித்துத் தூரக் கொண்டு சேர்க்கிறது. ஆகவே என்ஜினின் சுற்று குறைந்தால் காற்றும் அதே விகிதத்தில் குறையும். நிமிடத்திற்கு 6000 சுற்று ஓட வேண்டிய என்ஜின் 5000 சுற்றில் நின்றுவிட்டால், காற்று ஆறில் ஐந்து பங்காகும். காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவது. அது நூற்றுக்கு 58 பங்காக இறங்கிவிடும்.

கண்ணுக்கு மருந்து வருவது தெரியும். ஆனால் துளி பருத்திருக்கும். பக்கத்துப் பயிரில் வழிந்து சொட்டும். அப்பால் உள்ள பயிருக்குப் போய்ச் சேராது. விசைத் தெளிப்பானில் ஏக்கருக்குச் செலவாகும் தண்ணீர் குறைவு, கரைசல் அடர்த்தி அதிகம். எனவே ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் ஒன்றும் இல்லாமலும் விழுவது கைத்தெளிப்பானில் நேர்வதைவிடக் கெடுதல். புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் பூச்சி. நடும்போதே 8 அடிக்கு ஒரு முறை ஓரடி பட்டம் விட்டு, அந்தப் பட்டத்தில் நடந்து, குழாயைத் தாழ்த்தித் தூருக்கு அடிக்கச் சொல்வது இதனால்தான். காற்றுக்கு வேகம் இல்லாவிட்டால் பட்டம் விட்டும் பயனில்லை.

மேக்னெட்டோ செய்யும் வேலை

விசைத் தெளிப்பானில் பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்ததும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பிளைவீல் என்னும் சுழல் சக்கரத்தின் உள்விளிம்பில் காந்தங்கள் பதித்திருக்கிறார்கள். சக்கரம் சுற்றும்போது இந்தக் காந்தங்கள் ஒரு செம்புக் கம்பிச் சுருளை உரசாமல் கடந்து போகின்றன. அப்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இரண்டு சிறிய உலோக முனைகள் ஒட்டியிருக்கும் வரை அந்த மின்சாரம் அதன் வழியே சுற்றி வரும். பாயிண்ட் திறந்த கணத்தில் ஓட்டம் அறுபடும். அந்த அதிர்ச்சியில், அதே இரும்புத் துண்டின் மேல் சுற்றிய இன்னொரு மெல்லிய சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் எழுந்து, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழும்.

ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் என்பவரின் பட்டறையில் 1887-இல் குறைந்த அழுத்த மேக்னெட்டோ செய்யப்பட்டது. அங்கேயே வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட், 1902-இல் ஸ்பார்க் பிளக்குடன் கூடிய உயர் அழுத்த மேக்னெட்டோவைச் செய்து காட்டினார். நூறாண்டுக்கு மேலாகியும் இன்றைய தெளிப்பானில் இருப்பது அதே தத்துவம்தான். புதிய என்ஜின்களில் பாயிண்ட்டின் இடத்தை மின்னணுச் சில்லு பிடித்துக்கொண்டது. மற்றபடி காந்தமும் சுருளும் அப்படியே இருக்கின்றன.

இதில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று. பாயிண்ட் திறக்கும் கணம்தான் பொறி விழும் கணம். பாயிண்ட் எப்போது திறக்கிறது என்பதை அறிந்தால், தீப்பொறி நேரத்தை அறிந்தாயிற்று.

உச்சிக்கு முன்பே பொறி

பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோல் கலந்த காற்றை நெருக்கி, உச்சியைத் தொட்டபின் பொறி விழ வேண்டும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி விழுந்தால் நேரம் கடந்துவிடும். கலவை ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. வைக்கோல் போரில் ஒரு மூலையில் பற்றிய தீ மறுமூலைக்குப் பரவுவதுபோல், பிளக்கின் முனையில் பற்றிய தீ சிலிண்டர் முழுவதும் பரவச் சற்று நேரம் வேண்டும். அழுத்தம் உச்ச அளவை எட்டுவது பிஸ்டன் உச்சியைத் தாண்டி 10 முதல் 15 டிகிரி இறங்கும்போது என்று அமைந்தால்தான் முழு இழுவை கிடைக்கும். அதற்காகப் பொறியை முன்கூட்டியே விடுகிறார்கள். சிறு என்ஜின்களில் பெரும்பாலும் உச்சிக்கு 20 முதல் 30 டிகிரி முன்பாக இருக்கும். சரியான அளவு என்ஜினோடு வந்த கைப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும்.

டிகிரிக் கணக்கு கடினமானதன்று. கடிகாரத்தில் ஒரு நிமிடக் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை 6 டிகிரி. 25 டிகிரி என்பது நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். நிமிடத்திற்கு 6000 சுற்று ஓடும் என்ஜினில் இந்த 25 டிகிரியைக் கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு நுட்பமான கணக்கு என்பதால்தான் தலைமயிர் அளவு தேய்மானமும் இழுவையில் தெரிகிறது.

பொறி பிந்தினால், பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகு தீ அதைத் துரத்திக்கொண்டு போகும். இழுவை குறையும்; எரிந்து முடியாத கலவை சைலன்சரில் போய் வெடிக்கும்; சைலன்சரும் சிலிண்டரும் அளவுக்கு மீறிச் சுடும்; பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். பொறி அதிகம் முந்தினால் ஆபத்து வேறு விதம். ஏறி வரும் பிஸ்டனின் தலையில் அழுத்தம் விழும். கயிற்றை இழுக்கும்போது என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்துக் கையைப் பிடுங்கும். மணிக்கட்டு சுளுக்கிக்கொள்வதும் விரல் பிசகுவதும் இப்படித்தான். ஓடும்போது சுத்தியலால் தட்டுவதுபோல் ‘டக் டக்’ என்று கேட்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும்.

‘டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளி வை, இழுவை கூடும்’ என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிந்தியிருந்த பொறியைச் சரியான இடத்துக்குக் கொண்டு வந்தால் இழுவை கூடுவது உண்மையே. அந்த இடத்தையும் தாண்டித் தள்ளினால் கூடுவது சூடு மட்டும்தான்.

முதலில் பார்க்க வேண்டியவை

இழுவை குறைந்த என்ஜின் எல்லாவற்றிலும் மேக்னெட்டோ பழுது என்று எண்ணிவிடக் கூடாது. மேக்னெட்டோவில் கை வைக்குமுன் நாலு இடங்களைப் பார்த்துவிட வேண்டும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம். போன பருவத்துப் பெட்ரோல் டாங்கியிலேயே கிடந்து பிசினாகிக் கார்புரேட்டரின் துளையை அடைத்திருக்கலாம். பிளக்கில் கரி படிந்திருக்கலாம்; அதைச் சுத்தம் செய்து, இடைவெளியைக் கைப்புத்தகத்தின்படி வைக்க வேண்டும். வழக்கமாக இது 0.5 முதல் 0.7 மி.மீ. வரை இருக்கும். நாலாவது, பலர் பார்க்காமல் விடுவது: பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓட்டும் இரண்டு வீச்சு என்ஜினில் சைலன்சர் வாயில் கரி ஏறி, விரல் நுழையும் துவாரம் பென்சில் நுழையும் அளவாகியிருக்கும். எண்ணெயைக் கண்மட்டத்தில் ஊற்றுவதே இதற்குக் காரணம். கைப்புத்தகம் 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., அளந்து ஊற்ற வேண்டும்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் இழுவை இல்லை, அல்லது கயிறு உதைக்கிறது, அல்லது சைலன்சர் வெடிக்கிறது என்றால் மேக்னெட்டோவைத் திறக்கலாம். திறக்குமுன் தெளிப்பானை நன்றாகக் கழுவி, பெட்ரோலை வடித்து டாங்கியை அப்பால் வைக்க வேண்டும். மருந்துப் பிசுக்கு ஒட்டிய கருவியை வெறுங்கையால் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பது நல்லதல்ல.

பாயிண்ட் இடைவெளி

பாயிண்ட் வைத்த பழைய என்ஜின்களில் தீப்பொறி நேரம் தள்ளிப் போவதற்கு முதற் காரணம் பாயிண்ட் இடைவெளி மாறுவது. பாயிண்ட்டைத் திறந்து மூடுவது சுழலும் மேடு ஒன்று. அந்த மேட்டில் உரசும் பாயிண்ட்டின் குதிகால் நாளடைவில் தேயும். குதிகால் தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதித்துத் திறக்கும், பொறி பிந்தும். மாறாக இடைவெளியை அதிகமாக வைத்தால் பாயிண்ட் சீக்கிரமே திறந்து பொறி முந்தும். ஆகவே நேரத்தைச் சரிசெய்யுமுன் இடைவெளியைச் சரிசெய்வதே முறை. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் இரண்டு முறை வேலை செய்கிறார்கள்.

பிளைவீலில் வாய் வெட்டியிருந்தால் அதன் வழியாகவே பாயிண்ட் தெரியும். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றியே தீர வேண்டும் என்றால் புல்லர் போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் தண்டு வளையும், பழைய காந்தம் வலுக் குறையும். நட்டைத் திருப்புமுன் மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, பாயிண்ட் முழுவதும் திறந்து நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். முனைகள் கருகியிருந்தால் பாயிண்ட் அரத்தால் ஓரிரு முறை இழுத்துச் சமமாக்கலாம். உப்புத்தாள் உபயோகிப்பவர்கள் உண்டு. அதன் மணல் முனையில் பதிந்து மீண்டும் கருக வைக்கும். ஆழமாகக் குழி விழுந்த பாயிண்ட்டை மாற்றிவிடுவதே நலம். புதுப் பாயிண்ட்டும் சில நாளிலேயே கருகி, திறக்கும்போது நீலமாகப் பொறி பறந்தால் கண்டென்சர் கெட்டுவிட்டது என்று அறியலாம்.

இப்போது ஃபீலர் கேஜில் கைப்புத்தகம் சொல்லும் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். இத்தகைய மேக்னெட்டோக்களில் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருப்பது வழக்கம். தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். திருகைச் சற்றுத் தளர்த்தி, தட்டை நகர்த்தி, இறுக்கியபின் மறுபடியும் ஒரு முறை அளக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறிவிடுவது சகஜம். எண்ணெய்ப் பிசுக்கு முனையில் பட்டிருந்தால் சுத்தமான துணியை பெட்ரோலில் நனைத்துத் துடைத்துக் காயவிட வேண்டும்.

நூற்றில் பாதிக்கு மேற்பட்ட என்ஜின்கள் இத்தோடு சரியாகிவிடும் என்பது பட்டறைக்காரர்கள் சொல்லும் பேச்சு. கணக்கு எப்படியானாலும், இடைவெளியை வைத்தபின் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதே சிக்கனம்.

நேரத்தைக் கண்டறிதல்

முதலில் பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சாண் நீளமுள்ள, முனை மழுங்கிய அலுமினியக் கம்பியைப் பிளக் துவாரத்தின் வழியே பிஸ்டன் தலையில் நிறுத்தலாம். தென்னை ஈர்க்கு ஆகாது. உடைந்து உள்ளே விழுந்தால் என்ஜினையே பிரிக்க நேரும். உச்சிக்கு அருகில் பிஸ்டன் சற்று நேரம் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். ஆகையால் கம்பி நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து உச்சியைத் தீர்மானித்தால் சில டிகிரி பிசகும்.

இதற்கு நல்ல உபாயம் ஒன்று உண்டு. என்ஜின் உறையின் ஏதாவதொரு போல்ட்டில் சிறு கம்பியைக் கட்டி, அதன் முனை பிளைவீல் விளிம்பைக் காட்டும்படி வளைத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் ஏறி வரும்போது, உச்சிக்குச் சுமார் 3 மி.மீ. கீழே இருக்கையில், அலுமினியக் கம்பியில் பிளக் துவாரத்தின் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, பிளைவீல் விளிம்பிலும் முள் காட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிறகு சக்கரத்தை உச்சி தாண்டிச் சுற்றினால், கம்பி ஏறி இறங்கி அதே கோட்டுக்கு வரும். அப்போது விளிம்பில் இரண்டாவது கோடு போட வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுமையம்தான் உண்மையான உச்சி.

அடுத்து டிகிரியை மில்லிமீட்டராக மாற்ற வேண்டும். பிளைவீலின் விளிம்பை நூலால் சுற்றி அளந்து, 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். சக்கரத்தின் விட்டம் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு ஏறக்குறைய 377 மி.மீ. அதில் ஒரு டிகிரி சுமார் 1 மி.மீ.; 25 டிகிரிக்கு 26 மி.மீ. உச்சிக் கோட்டிலிருந்து, சக்கரம் சுழலும் திசையில் முன்னோக்கி 26 மி.மீ. அளந்து இன்னொரு கோடு போட வேண்டும். சக்கரம் சுற்றும்போது இந்தக் கோடு முதலில் முள்ளைக் கடக்கும், உச்சிக் கோடு பிறகு வரும். தொழிற்சாலையிலேயே கோடு வெட்டியிருக்கும் என்ஜினில் இந்தச் சிரமம் இல்லை.

பாயிண்ட் எந்தக் கணத்தில் திறக்கிறது என்று பார்க்கப் பலர் பேட்டரியும் பல்பும் இணைப்பார்கள். மேக்னெட்டோவில் இது ஏமாற்றும். பாயிண்ட் திறந்த பிறகும் தடித்த கம்பிச் சுருள் வழியே மின்சாரம் ஓடுவதால் பல்பு அணையாது. சுருளின் கம்பியைக் கழற்றிவிட்டால்தான் பல்பு சரியாகக் காட்டும். அதைவிட எளிய வழி, கண்ணாடித்தாள் துண்டு ஒன்றைப் பாயிண்ட்டுக்கு நடுவே செருகி லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுவது. தாள் நழுவிய கணத்தில் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால், பொறிக் கோடு முள்ளுக்கு நேரே இருக்க வேண்டும். கோடு வருமுன்பே தாள் நழுவினால் பொறி முந்துகிறது. கோடு கடந்த பிறகு நழுவினால் பிந்துகிறது. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்க்கக் கூடாது. தண்டின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும்.

பாயிண்ட்டும் சுருளும் பொருத்தியிருக்கும் தட்டு நீள்துளைகளில் திருகியிருந்தால் அதைத் திருப்பலாம். பிளைவீல் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும், சுழலும் திசையிலேயே திருப்பினால் பிந்தும். ஒரு முறைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாமல், இறுக்கி, தாளை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். திருப்புமுன் பழைய இடத்தில் ஒரு கீறல் போட்டுக்கொண்டால், குழப்பம் வந்தாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பலாம்.

எல்லாம் பூட்டியபின் மருந்து டாங்கியில் வெறுந்தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். களத்தில் பழைய செய்தித்தாள்களை இரண்டடிக்கு ஒன்றாகக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒரே இடத்தில் நின்று அடித்தால் துளி எவ்வளவு தூரம் போகிறது, பொடியா பருமனா என்று தாளே காட்டிவிடும். சரிசெய்யுமுன் ஒரு முறை, சரிசெய்தபின் ஒரு முறை அடித்து ஒப்பிட்டால் நல்லது.

பாயிண்ட் இல்லாத புது என்ஜின்

அண்மைக் காலத் தெளிப்பான், களைக்கருவி என்ஜின்களில் பாயிண்ட் இல்லை. அவற்றில் தீப்பொறி நேரத்தைத் தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்திவிடுகிறார்கள். திருப்புவதற்குத் தட்டு இராது. ஆகவே ‘டைமிங் வைக்கிறேன்’ என்று சொல்லிக் கூலி கேட்பவரிடம் எதைத் திருப்பினீர்கள் என்று கேட்கலாம்.

ஆனால் இந்த என்ஜினிலும் நேரம் தவறுவது உண்டு. பிளைவீலைக் கிராங்க் தண்டில் இடம் மாறாமல் நிறுத்துவது ஒரு சிறிய அரைவட்டக் கீ. பிளைவீல் நட்டு தளர்ந்தாலோ, களைக்கருவியின் கத்தி கல்லில் மோதி என்ஜின் சட்டென நின்றாலோ இந்தக் கீ நசுங்கி, சக்கரம் தண்டின் மேல் நகர்ந்துவிடும். தண்டின் விட்டம் 15 மி.மீ. என்றால், 1 மி.மீ. நகர்ந்தாலே 7 டிகிரிக்கு மேல் பிசகும். என்ஜின் கிளம்பாது, கிளம்பினாலும் கயிறு உதைக்கும், கார்புரேட்டர் வழியே தீ கக்கும். புதுக் கீ போட்டு, தண்டின் சரிவையும் சக்கரத்தின் துவாரத்தையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, நட்டை நன்றாக இறுக்க வேண்டும். ஆணியை வெட்டிக் கீயாகச் செருகுவது தண்டையே பாழாக்கும். சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே உள்ள காற்றிடைவெளியையும் பார்க்க வேண்டும். பல என்ஜின்களில் இது 0.3 மி.மீ. அளவில் இருக்கும். துருவோ மண்ணோ ஏறியிருந்தால் பொறி மங்கும்.

மண்ணெண்ணெய்ப் பம்பு

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்பு என்ஜின்கள் இப்போது குறைந்துவிட்டன. வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடச் சீக்கிரம் தட்டும் தன்மை உடையது. எனவே பொறியை அளவுக்கு மேல் முந்த வைப்பது இதில் இன்னும் கெடுதல். என்ஜின் நன்கு சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யும். இவை பெரும்பாலும் நான்கு வீச்சு என்ஜின்கள். பல என்ஜின்களில் வால்வுகள் பக்கவாட்டில் இருப்பதால் பிளக் துவாரத்தில் விடும் கம்பி பிஸ்டன் தலைக்குப் போகாது. பிளைவீல் கோட்டையே நம்ப வேண்டும். நான்கு வீச்சில் உச்சி இரண்டு முறை வரும். பிளக் துவாரத்தில் கட்டைவிரலை வைத்து, காற்று விரலைத் தள்ளும் உச்சியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டீசல் பம்பில் மேக்னெட்டோவே இல்லை. அங்கே நேரம் என்பது டீசல் பீய்ச்சும் நேரம்; அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

வெள்ளத்தில் நனைந்த மேக்னெட்டோ

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. மின்சாரம் இல்லாத அத்தகைய நாட்களில் நாற்றங்காலில் நிற்கும் நீரை வடிக்கச் சிறு பெட்ரோல் பம்புதான் கை கொடுக்கும். அதுவே தண்ணீரில் மூழ்கியிருந்தால் உடனே கயிற்றை இழுக்கக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கையில் இழுத்தால் தண்டு வளையும்.

பிளக்கைக் கழற்றி, என்ஜினைக் கவிழ்த்துப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் டாங்கியையும் கார்புரேட்டரையும் காலி செய்ய வேண்டும். நான்கு வீச்சு என்ஜினானால் என்ஜின் எண்ணெயையும் மாற்றியாக வேண்டும். மேக்னெட்டோ உறையைத் திறந்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காற்றாட இரண்டு நாள் உலர்த்த வேண்டும். அடுப்பருகில் வைத்தால் சுருளின் மேற்பூச்சு இளகிவிடும். காந்தத்திலும் சுருள் இரும்பிலும் படிந்த துருவை மெல்லத் துடைத்து எடுத்தபின், பாயிண்ட் முனையையும் இடைவெளியையும் புதிதாகப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பொறி வராவிட்டால் சுருளை மாற்றுவதே வழி. வாங்கும்போது என்ஜினின் பெயர்த்தகட்டில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போகவும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சுருள்களின் அளவு வேறுபடும். கருவிகள் பற்றிய ஐயங்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை விவசாயிகள் அணுகலாம். போகும்போது என்ஜினின் கைப்புத்தகத்தையும், கழற்றிய பழைய பாயிண்ட்டையும் பிளக்கையும் எடுத்துச் செல்லவும்.